கொங்கு வீடுகளுக்கு இரட்டைக் கண்ணாடி மர ஜன்னல் தகுமா?

கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் ஜன்னல் பார்க்கக் கடை ஏறினால், கடைசியாகக் காட்டப்படுவதும் விலை கூடியதும் மரச்சட்டத்தில் இரட்டைக் கண்ணாடி பொருத்திய ஜன்னலாகத்தான் பெரும்பாலும் இருக்கும். வெயில் உள்ளே வராது, சத்தம் கேட்காது, கரண்ட் பில் குறையும் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். சோமனூர் வட்டாரத்தில் விசைத்தறிக் கூடங்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் வீட்டில், தறிக்கூடத்தையும் சாலையையும் பார்த்த இரண்டு படுக்கையறைகளுக்கு இந்த ஜன்னலையும், மற்ற அறைகளுக்கு வழக்கமான ஒற்றைக் கண்ணாடித் தேக்கு ஜன்னலையும் போட்டிருக்கிறோம். ஒரே வீட்டில், ஒரே வெயிலையும் காற்றையும் இரண்டும் சில ஆண்டுகளாகத் தாங்கி வருவதால், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு வசதியாக இருக்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொருள் நல்ல பொருள்தான். ஆனால் நம் ஊரில் அது தவறான காரணம் சொல்லி விற்கப்படுகிறது. சத்தத்துக்கும் தூசிக்கும் ஏ.சி. ஓடும் அறைக்கும் அதற்குக் கொடுக்கும் பணம் தகும். மேற்கு வெயிலைத் தடுப்பதற்கென்று வாங்குகிறவர் கண்ணாடியின் வகையைக் கவனிக்காவிட்டால் ஏமாந்துபோவார். எப்படியிருந்தாலும், மூடியிருக்கும் நேரத்தில் மட்டுமே வேலை செய்யும் பொருள் அது என்பதால், ஆண்டில் பல மாதங்கள் ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்குகிற கொங்குநாட்டு வீட்டில் எல்லா அறைகளுக்கும் அதைப் போட வேண்டிய அவசியம் இல்லை.

பொருளின் அமைப்பு எளிதானது. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே 12 அல்லது 16 மி.மீ. இடைவெளி விட்டு, நான்கு ஓரங்களிலும் ஸ்பேசர் என்னும் மெல்லிய பட்டையை வைத்து, உள்பக்கம் பியூட்டைல் பசையாலும் வெளிப்பக்கம் பாலிசல்ஃபைடு அல்லது சிலிக்கானாலும் காற்றுப் புகாதபடி அடைத்துவிடுகிறார்கள். பட்டைக்குள் ஈரத்தை உறிஞ்சும் சிறு மணிகள் நிரப்பப்பட்டிருக்கும். இடைவெளியில் உலர்ந்த காற்றோ ஆர்கான் வாயுவோ இருக்கும். விலைப்பட்டியலில் 6-12-6 என்று போட்டிருந்தால், 6 மி.மீ. கண்ணாடி, 12 மி.மீ. இடைவெளி, மறுபடியும் 6 மி.மீ. கண்ணாடி என்று பொருள். அசையாமல் அடைபட்டிருக்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதுதான் இதன் அடிப்படை.

இந்த அடிப்படையிலிருந்துதான் குழப்பமும் தொடங்குகிறது. ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வெப்பம் வருவதற்கு இரண்டு வழிகள் உண்டு. வெளிக்காற்று சூடாக இருப்பதால் கண்ணாடி வழியே கடந்து வருவது ஒன்று. வெயிலே நேராகக் கண்ணாடியை ஊடுருவி வந்து தரையையும் கட்டிலையும் சுடவைப்பது மற்றொன்று. முதல் வகையைக் குறிக்கும் எண்ணை, அதாவது உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் ஒரு சதுர மீட்டர் வழியே எத்தனை வாட் வெப்பம் கடக்கிறது என்பதை, யூ மதிப்பு என்பார்கள், 6 மி.மீ. ஒற்றைக் கண்ணாடிக்கு அது ஏறத்தாழ 5.7, சாதாரண 6-12-6 இரட்டைக் கண்ணாடிக்கு ஏறத்தாழ 2.8. பாதியாகக் குறைகிறது என்று விற்பனையாளர் சொல்வது உண்மைதான். ஆனால் எதில் பாதி என்று கேட்க வேண்டும். நான்கடிக்கு நான்கடி ஜன்னலில் கண்ணாடிப் பரப்பு ஒன்றரைச் சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சித்திரை வெயிலில் வெளியே 37 டிகிரி, ஏ.சி. அறைக்குள் 26 டிகிரி. ஒற்றைக் கண்ணாடி வழியே கடந்து வரும் வெப்பம் சுமார் 94 வாட்; இரட்டைக் கண்ணாடி வழியே 46 வாட். மிச்சமாகும் 48 வாட் வெப்பத்தை வெளியேற்ற ஏ.சி.க்கு ஆகும் மின்சாரம் ஓர் எல்.இ.டி. பல்பு எரியும் அளவுதான். குளிர்நாடுகளில் வெளியே பூஜ்யத்துக்கும் கீழே, உள்ளே 20 டிகிரி என்ற நிலை மாதக்கணக்கில், இரவும் பகலும் நீடிக்கிறது. அங்கே இதே ஜன்னல் போட்ட காசைத் திருப்பித் தந்துவிடும். நமக்கு வித்தியாசம் 11 டிகிரிதான், அதுவும் பகலில் சில மணி நேரத்துக்குத்தான்.

இப்போது இரண்டாவது வழியைப் பார்ப்போம். பிற்பகலில் மேற்குச் சுவரில் விழும் வெயில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 600 வாட் என்று கொண்டால், அதே ஜன்னலின் மேல் 900 வாட் விழுகிறது. ஒற்றைக் கண்ணாடி அதில் 740 வாட்டை உள்ளே விட்டுவிடும். சாதாரண, தெளிவான இரட்டைக் கண்ணாடியோ 630 வாட்டை விடும். அதாவது, இரண்டு மடங்கு கண்ணாடிக்குக் காசு கொடுத்த பிறகும் வெயிலின் பெரும்பகுதி கேட்பாரின்றி உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. சூரிய வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் லோ-இ பூச்சுள்ள இரட்டைக் கண்ணாடியாக இருந்தால் இது 270 வாட் அளவுக்கு இறங்கிவிடும். முன்னே சொன்ன 48 வாட் மிச்சத்தையும் இந்த 470 வாட் மிச்சத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நம் ஊரில் எதற்குக் காசு கொடுக்க வேண்டும் என்பது விளங்கும். எரிசக்தித் திறன் செயலகம் 2018இல் வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற குடியிருப்பு விதிநூலும், குளிர்ப்பகுதி நீங்கலான எல்லா இடங்களுக்கும், கட்டடத்தின் புறச்சுவர், ஜன்னல் வழியே வரும் வெப்பத்துக்குச் சதுர மீட்டருக்கு 15 வாட் என்று வரம்பு வகுத்து, அந்தக் கணக்கில் கண்ணாடியின் யூ மதிப்பைவிட அது உள்ளே விடும் வெயிலுக்கே மிகுதியான எடை கொடுத்திருக்கிறது.

லோ-இ என்பது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உலோகப் பூச்சு. அது இருக்கிறதா, எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை வாங்குகிறவரே சோதித்துவிடலாம். அந்தி சாய்ந்தபின் அறைக்குள் நின்றுகொண்டு, கண்ணாடிக்கு முன்னால் ஒரு லைட்டரையோ மெழுகுவத்தியையோ பிடித்துச் சற்றுச் சாய்வாகப் பார்க்க வேண்டும். இரண்டு தகடுகளுக்கு நான்கு முகங்கள் இருப்பதால் சுடரின் பிம்பங்கள் நான்கு, இரண்டிரண்டாகத் தெரியும். நான்கும் ஒரே நிறத்தில் இருந்தால் பூச்சு இல்லை. விற்றவர் என்ன சொல்லியிருந்தாலும் அது வெறும் கண்ணாடிதான். ஒன்று மட்டும் சற்றுச் சிவந்தோ ஊதா படர்ந்தோ தெரிந்தால் பூச்சு அந்த முகத்தில் இருக்கிறது. நம் வெயிலுக்கு அது வெளித்தகட்டின் உள்முகத்தில் இருக்க வேண்டும். உள்ளே நிற்பவரின் பக்கத்திலிருந்து எண்ணினால் மூன்றாவது பிம்பம் நிறம் மாறியிருக்க வேண்டும். இரண்டாவது பிம்பம் மாறியிருந்தால், தகட்டைத் திருப்பிப் பொருத்திவிட்டார்கள் அல்லது குளிர்நாட்டுக்குச் செய்த முறையில் செய்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் ஒரு கதவில் இப்படித்தான் இருந்தது. பொருத்த வந்தவர்களிடம் சுடரைக் காட்டியபோது அவர்களும் வியந்துபோய்ப் பார்த்தார்கள். பிறகு கழற்றித் திருப்பிப் போட்டுக்கொடுத்தார்கள்.

இத்தனைக்கும் பிறகு, முதலில் செய்ய வேண்டியது சன்ஷேடுதான். வடக்கு, தெற்கு ஜன்னல்களுக்கு இரண்டடி சன்ஷேடு போட்டுவிட்டால் உச்சி வெயில் பெரும்பாலும் கண்ணாடியைத் தொடாது. அங்கே லோ-இ பூச்சுக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. மேற்கே சாயும் வெயில் எந்தச் சன்ஷேடுக்கும் அடங்காமல் அடியில் நுழையும் என்பதால், அங்கே வெளிப்பக்கம் மூங்கில் தட்டியோ ஒரு வேப்பமரமோ செய்கிற வேலையை எந்தக் கண்ணாடியும் முழுமையாகச் செய்துவிடாது. கரூர், பரமத்திப் பக்கம் வெயில் இன்னும் கொடியது. அங்கே மேற்குச் சுவரில் பெரிய ஜன்னல் வைப்பதையே யோசித்துச் செய்ய வேண்டும்.

சத்தத்தைப் பொறுத்தவரை இந்த ஜன்னலின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஓடுகிற தறிக்கூடத்துக்குள் 90 டெசிபலுக்கு மேல் சத்தம் இருக்கும். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல் என்று சொன்னாலும், தறி ஓடுகிற தெருவில் அந்த எண்ணை யாரும் கண்டதில்லை. ஜன்னல் கதவுகளைச் சாத்திக் கைப்பிடியைத் திருகியதும், தறியின் படபடப்பு ஒரு மெல்லிய அதிர்வாக அடங்கிவிடுகிறது; பழகியவர்கள் அதைக் கவனிப்பதேயில்லை. பக்கத்து அறையில் ஒற்றைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றால் தறிநாடா போய்வருவதை எண்ணலாம். ஆனாலும், இந்த வேறுபாட்டுக்குக் கண்ணாடி இரண்டாக இருப்பதை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. 6 மி.மீ. ஒற்றைக் கண்ணாடி ஏறத்தாழ 31 டெசிபல் சத்தத்தைக் குறைக்கும். 6-12-6 இரட்டைக் கண்ணாடி 33 டெசிபல்தான் குறைக்கும். இரண்டு தகடுகளும் ஒரே தடிமனில் இருந்தால் ஒன்று தடுக்காமல் விடும் அதே சுருதியை மற்றதும் விட்டுவிடும். ஒன்று 6 மி.மீ., மற்றொன்று 10 மி.மீ. என்று தடிமனை மாற்றி, அவற்றில் ஒன்றை நடுவில் பி.வி.பி. என்னும் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடியாகவும் கேட்டு வாங்கினால் 38 டெசிபல் அளவுக்குப் போகலாம். 10 டெசிபல் குறைந்தால் காதுக்குச் சத்தம் பாதியானதுபோல் படும் என்பதால் இந்த வேறுபாடு சிறியதில்லை. சத்தத்துக்காக வாங்குகிறவர் 6-12-6 என்று எழுதிய பட்டியலில் கையெழுத்துப் போடக் கூடாது.

அதைவிட முக்கியமானது சந்து. ஜன்னல் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறப்பு இருந்தாலே, மீதியெல்லாம் கோட்டைச் சுவராக இருந்தாலும், மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. பழைய தேக்கு ஜன்னலில் இரண்டு கதவுகள் சேரும் இடத்திலும், சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவிலும் இந்த ஒரு பங்கு தாராளமாக இருக்கும். புதிய ஜன்னலில் கதவைச் சுற்றி ரப்பர் கேஸ்கட் இரண்டு வரிசையாக ஓடுகிறது. கைப்பிடியைத் திருகும்போது பல இடங்களில் தாழ் விழுந்து கதவைக் கேஸ்கட்டோடு இறுக்குகிறது. ஒரு ரூபாய்த் தாளைக் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே வைத்துச் சாத்திவிட்டு இழுத்துப் பார்த்தால், எளிதில் வரக் கூடாது. நான்கு பக்கமும் அப்படிப் பார்த்துவிட்டுத்தான் மீதிப் பணத்தைக் கொடுக்க வேண்டும். சட்டத்துக்கும் சுவருக்கும் இடையிலான சந்தைச் சிமென்ட் கலவையால் பூசி முடித்துவிடும் பழக்கம் இங்கே உண்டு. மரம் சுருங்கியதும் அங்கே முடியளவு விரிசல் விழுந்து, அதன் வழியே முழுச் சத்தமும் வரும். ஃபோம் அடித்து, அதன் மேல் சீலன்ட் போட வேண்டும்.

கனத்த, அடித்தொண்டைச் சத்தத்துக்கு இந்த ஜன்னல் அவ்வளவாகத் தாக்குப்பிடிக்காது. மாரியம்மன் கோயில் நோம்பிக்குக் கட்டும் ஒலிபெருக்கியில் பாட்டின் சொற்கள் கேட்காமல் போகும். மேளத்தின் அடி மட்டும் நெஞ்சில் வந்து மோதும். பாரம் ஏற்றிய லாரி வேகத்தடையில் ஏறி இறங்குவதும் அப்படித்தான்.

இனிக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் தென்மேற்குக் காற்றுதான் கொங்கு வட்டாரத்தின் பெரிய செல்வம். பல்லடம், உடுமலை, பூளவாடிப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் அதே காற்று, ஆனி ஆடியில் ஜன்னலைத் திறந்துவைத்தால் மின்விசிறிகூட வேண்டாம் என்னும்படி அறையைக் குளிர்வித்துவிடும். அந்த மாதங்களில் எங்கள் வீட்டு இரட்டைக் கண்ணாடி, இரவில் தறி நிற்கும் நேரங்களில், சும்மா திறந்து கிடக்கிறது. காற்றோட்டமான தோட்டத்து வீட்டில், ஏ.சி. இல்லாத அறையில், இதைப் போட்டுவிட்டுத் திறந்தே வைத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் புரிவதில்லை. அதே காற்று தூசியையும் சுமந்து வருகிறது என்பது மறுபக்கம். பொள்ளாச்சியைச் சுற்றித் தென்னைநார் ஆலைகள் இருக்கும் ஊர்களில் நார்த்தூள் வீட்டுக்குள் படிவது தினசரித் தொல்லை. தறி ஊர்களில் பஞ்சு. இறுக்கமாக மூடும் கேஸ்கட் ஜன்னல் வைத்த அறையில் மேசையைத் துடைக்கும் வேலை கண்கூடாகக் குறைகிறது. ஆனால் காற்றே புகாத அறையில் மூன்று நான்கு பேர் ஏ.சி. போட்டுத் தூங்கினால் விடிகாலையில் தலை கனக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. கதவின் மேற்பகுதி மட்டும் சற்று உள்ளே சாய்ந்து திறக்கும் வகையோ, சட்டத்தின் மேல் ஒரு சிறு காற்றுவழியோ இருப்பது நல்லது.

சட்டத்துக்கு மரம் ஏன் என்று கேட்டால், வெப்பத்தைக் கடத்துவதில் மரமும் யுபிவிசி என்னும் கெட்டிப் பிளாஸ்டிக்கும் ஏறத்தாழச் சமம். இடையில் வெப்பத் தடுப்பு வைக்காத அலுமினியமோ ஆயிரம் மடங்கு மோசம். எனவே, வெப்பத்துக்காக மட்டும் யுபிவிசியைவிட மரத்துக்கு அதிகம் கொடுக்கத் தேவையில்லை. மரத்தை விரும்புவதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. வெயிலில் அது வளையாது, மஞ்சளிக்காது. பழுதானால் ஊர் ஆசாரியே சீவிச் சரிசெய்வார். இருபது ஆண்டு கழித்துக் கண்ணாடி போய்விட்டாலும் சட்டத்தை வைத்துக்கொண்டு கண்ணாடியை மட்டும் மாற்றலாம். தேக்கு நிலையும் தேக்குக் கதவும் இருக்கும் வீட்டில் வெள்ளை பிளாஸ்டிக் ஜன்னல் கண்ணை உறுத்தும் என்பது என் சொந்த ரசனை. அதை யார் மேலும் திணிக்க மாட்டேன்.

தேக்கு என்று சொல்லி விற்பதெல்லாம் ஒரே தரம் ஆகிவிடாது. டாப்சிலிப் என்ற இடத்துக்குப் பெயர் வந்ததே, வெள்ளைக்காரர் காலத்தில் ஆனைமலைத் தேக்கை அங்கிருந்து சரிவில் உருட்டிவிட்டதால்தான். அந்தக் காலத்து மரத்தை இன்று பழைய வீட்டு உத்தரங்களில்தான் காணலாம். மியன்மர் அரசு 2014 ஏப்ரல் முதல் உருட்டுமர ஏற்றுமதியை நிறுத்திவிட்ட பிறகும், மரக்கடைகளில் பர்மா தேக்கு என்ற பெயர் மட்டும் நிற்கவில்லை. தூத்துக்குடித் துறைமுகம் வழியாக ஆப்பிரிக்க, தென்னமெரிக்கத் தோட்டத் தேக்கு வருகிறது. அது இளமரம், வைரம் என்னும் உள்மரம் குறைவு, வெள்ளை என்னும் வெளிமரம் அதிகம். கரையானுக்கும் உளுவுக்கும் தேக்கு அஞ்சாது என்பதெல்லாம் வைரத்துக்குப் பொருந்துமே தவிர வெள்ளைக்குப் பொருந்தாது. பாலிஷ் ஏறிய பிறகு இரண்டையும் பிரித்தறிவது கடினம் என்பதால், சாயம் ஏற்றுவதற்கு முன்பே பட்டறைக்குப் போய்ச் சட்டத்தின் நான்கு முகங்களையும் பார்த்துவிட வேண்டும். வெளிறிய மஞ்சள் கோடு தெரிகிற துண்டை, குறிப்பாக அடிச்சட்டத்துக்கு, ஏற்கக் கூடாது.

ஒட்டுமரம் என்று கேட்டாலே நம்மவர்கள் முகம் சுளிப்பார்கள். இந்த ஒரு பொருளில் அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ளலாம். மூன்று அடுக்குகளை நார் எதிரெதிராக அமையும்படி ஒட்டிச் செய்த சட்டம், ஒரே துண்டாக அறுத்த சட்டத்தைவிடக் குறைவாகவே முறுக்கும். ஒற்றைக் கண்ணாடி ஜன்னல் சற்று முறுக்கினாலும் இழைத்துவிடலாம். இரட்டைக் கண்ணாடி ஜன்னலில் சட்டம் முறுக்கினால் கேஸ்கட் ஓரிடத்தில் விலகும், கண்ணாடியின் ஓர அடைப்பும் இழுபடும். மரத்தின் ஈரம் 12 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்பதை ஈரமானி வைத்து உங்கள் கண் முன்னால் அளந்து காட்டச் சொல்லுங்கள். கோவை மழைமறைவுப் பகுதி. ஆண்டு மழையே 700 மி.மீ.க்குள்தான் பெய்கிறது. மாசி பங்குனியில் காற்று காய்ந்து கிடக்கும். ஐப்பசி மழையில் ஊறும். சரியாக உலராத மரம் இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் ஆண்டிலேயே தன் குணத்தைக் காட்டிவிடும். வால்பாறைப் பக்கம் 3,000 மி.மீ.க்கு மேல் பெய்கிற இடத்தில் மர ஜன்னலையே நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எடையைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஒரு மி.மீ. தடிமனுள்ள கண்ணாடி சதுர மீட்டருக்கு இரண்டரைக் கிலோ. அப்படியானால் 6-12-6 கண்ணாடி சதுர மீட்டருக்கு 30 கிலோ. நான்கடி உயரம் இரண்டடி அகலம் உள்ள ஒரு கதவில் கண்ணாடி மட்டும் 22 கிலோ, மரத்தோடு சேர்த்தால் முப்பதை நெருங்கும். வழக்கமான மூன்றங்குலக் கீலில் இதைத் தொங்கவிட்டால் சில மாதங்களில் கதவின் மூக்கு தொய்ந்து சட்டத்தில் உரசும். தடிமனும் இப்படித்தான். நம் ஆசாரிகள் செய்யும் ஜன்னல் கதவு ஒன்றேகால் அல்லது ஒன்றரை அங்குலம், 24 மி.மீ. கண்ணாடியும் அதைப் பிடிக்கும் பீடிங்கும் அதற்குள் அடங்காது. ஐரோப்பியச் சட்டங்கள் 68 மி.மீ.யில் தொடங்குவதற்குக் காரணம் இதுதான். பழைய ஜன்னலிலேயே இரட்டைக் கண்ணாடியை நுழைத்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால், கீல், கதவின் தடிமன், கண்ணாடி உட்காரும் பள்ளத்தின் ஆழம் ஆகிய மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் மேலே பேச வேண்டும். கீல் குறைந்தது மூன்று வேண்டும். திருகு மரத்தின் நடுப்பகுதி வரை இறங்க வேண்டும்.

நம் வீடுகளில் கம்பியும் கொசுவலையும் இல்லாமல் ஜன்னல் இல்லை. வெளிநாட்டு முறையில் செய்த கதவுகள் பெரும்பாலும் உள்பக்கம் திறப்பவை. கம்பியும் வலையும் வெளியே போய்விடும். இதனால் மழையும் வெயிலும் நேராகக் கதவின் விளிம்பில் படுவதில்லை, ஆடிக்காற்று கதவைப் பிடுங்கி அடிப்பதுமில்லை, கண்ணாடியின் இரண்டு புறத்தையும் வீட்டுக்குள் நின்றே துடைக்கலாம். ஆனால் திரைச்சீலை தடுக்கும்; ஜன்னல் திண்டில் செம்பு, புத்தகம், செல்போன் என்று எதையும் வைக்க முடியாது; கட்டிலை ஜன்னலோரம் போட்டிருந்தால் கதவின் முனை தலைக்கு நேராக வரும். வெளிப்பக்கம் திறக்கும் வகை கேட்டால் கைப்பிடி கம்பிக்கு அப்பால் போய்விடும். வலையைத் திறந்து கம்பிக்குள் கையை விட்டு முப்பது கிலோக் கதவை இழுத்துச் சாத்துவது வயதானவர்களால் ஆகாத காரியம். என் அம்மா இன்றும் ஒற்றைக் கண்ணாடி அறையில் படுப்பதற்கு இது ஒன்றே காரணம். உள்பக்கம் திறப்பதே சரி என்பது என் கருத்து. ஆனால் மேசை கட்டில் போடும் இடத்தை ஜன்னல் வரைபடத்தோடு சேர்த்து முடிவுசெய்ய வேண்டும்.

இதன் பெரிய பலவீனம் ஓர அடைப்பு. எங்கள் ஜன்னல்களில் ஒன்றில், கீழ்மூலையில் உள்ளங்கை அளவு வெண்படலம் ஒரு மழைக்காலத்தில் தோன்றியது. உள்ளே துடைத்தாலும் போகவில்லை, வெளியே துடைத்தாலும் போகவில்லை. இரண்டு தகடுகளுக்கும் நடுவே ஈரம் புகுந்துவிட்டது. கழற்றிப் பார்த்தபோது கண்ணாடியின் அடிவிளிம்பு மரப்பள்ளத்தில் நேராக உட்கார்ந்திருந்தது. அடியில் வைக்க வேண்டிய பிளாஸ்டிக் கட்டைகள் இல்லை, பள்ளத்தில் தேங்கும் நீர் வெளியேறத் துளையும் இல்லை. கறுத்த அடைப்புப் பசை நகத்தால் சுரண்டினால் வந்தது. பட்டைக்குள் இருந்த மணிகள் ஈரத்தைக் குடித்து ஓய்ந்துபோயிருந்தன. ஒருமுறை இப்படி ஆகிவிட்டால் சரிசெய்ய வழியில்லை. அந்தக் கண்ணாடித் தொகுதியையே மாற்ற வேண்டும். விற்ற நிறுவனம் நீண்ட கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு கண்ணாடியை மாற்றித் தந்தது, பொருத்தும் கூலியை எங்கள் தலையில் கட்டியது. ஆகவே, கண்ணாடித் தொகுதிக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம், அதில் கழற்றிப் பொருத்தும் கூலியும் அடங்குமா என்று எழுத்தில் வாங்க வேண்டும். பீடிங்கை ஆணி அடித்து ஒட்டாமல் திருகு போட்டுப் பொருத்தச் சொல்ல வேண்டும். புளித்த காடி வாசம் வீசும் மலிவு சிலிக்கானை ஓரத்தில் அடிக்க விடவே கூடாது. அதிலிருந்து வெளிப்படும் அமிலம் உள்ளே இருக்கும் அடைப்பைக் கெடுத்துவிடும். நியூட்ரல் வகை என்று குழாயின் மேல் எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்த்தால் போதும்.

பராமரிப்பில் மரம் வேலை வாங்கும் என்பது தெரிந்ததே. சன்ஷேடுக்குக் கீழே இருக்கும் வடக்கு ஜன்னல் பல ஆண்டுகள் அப்படியே இருக்கிறது. மேற்குப் பக்கத்து அடிச்சட்டத்தில் பூச்சு மூன்று நான்கு ஆண்டுக்குள் வெளிறி உரியத் தொடங்கிவிடும். உள்வீட்டுக் கதவுக்கு அடிக்கும் மெலமின் பாலிஷை வெளிமுகத்துக்கு அடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வெளியில் வெயிலைத் தாங்கும் பி.யூ. (பாலியூரிதேன்) வகையோ, மரம் மூச்சுவிட இடம் கொடுக்கும் நீர்வகைச் சாயமோதான் வேண்டும். பாலிஷ் போடும்போது கேஸ்கட்டில் படாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். பட்டால் ரப்பர் விறைத்துவிடும்.

விலையில் சுற்றி வளைக்க எதுவும் இல்லை. எங்களுக்கு வந்த விலைப்புள்ளிகளில், அதே அளவுள்ள யுபிவிசி இரட்டைக் கண்ணாடி ஜன்னலைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் ஆனது தேக்கு. லேமினேட்டட் கண்ணாடியும் லோ-இ பூச்சும் சேர்ந்தால் இன்னும் ஏறியது. மின்கட்டணத்தில் அது திரும்பி வரும் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். சாலையோரப் படுக்கையறை ஒன்று, ஏ.சி. அறை ஒன்று என்று அளவாகப் போட்டுக்கொண்டு, மற்ற அறைகளில் நல்ல கேஸ்கட் வைத்த ஒற்றைக் கண்ணாடித் தேக்கு ஜன்னலும் நீண்ட சன்ஷேடும் போதும் என்பதுதான் வீடு கட்டும் உறவினர்களிடம் நான் சொல்வது. மரத்தின் மேல் ஆசையில்லாதவர்கள் யுபிவிசியில் இதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டால் சத்தத்திலும் வெப்பத்திலும் குறை எதுவும் இருக்காது.

சமவெளிக் கணக்கெல்லாம் மலையேறினால் மாறிவிடும். கோத்தகிரி, குன்னூர், ஊட்டியில் வீடு வைத்திருக்கும் கோவைக்காரர்கள் பலர். மார்கழி, தை இரவுகளில் அங்கே உள்ளுக்கும் வெளிக்கும் இருக்கும் வித்தியாசம் இந்த ஜன்னலின் யூ மதிப்புக்கு முழு வேலை கொடுக்கும். விடியற்காலையில் ஒற்றைக் கண்ணாடியில் நீர் கோத்துச் சட்டத்தில் வழிந்து மரத்தைக் கறுக்கவைக்கும் தொல்லையும் பெரும்பாலும் நீங்கும். அங்கே தெளிவான இரட்டைக் கண்ணாடியே போதும். வெயில் உள்ளே வருவதைத்தான் வீட்டுக்காரர் விரும்புவார். ஒரு சிக்கல் மட்டும் உண்டு. கோவை கடல்மட்டத்திலிருந்து சுமார் 411 மீட்டர், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். கீழே அடைத்த காற்று மேலே போகும்போது வெளியழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். தகடுகள் வெளிப்பக்கம் உப்பி, எதிரொளிக்கும் உருவங்களைக் கோணலாக்கும், சிறிய கனத்த கண்ணாடியானால் ஓர அடைப்பைப் பிளந்துவிடும். அழுத்தத்தைச் சமன்செய்ய மயிரிழைக் குழாய் வைத்த தொகுதிகளைத் தனியாகக் கேட்டு வாங்கலாம். குழாய் வைத்தால் ஆர்கான் தங்காது என்பதால் அதற்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. ஜன்னல் எந்த உயரத்தில் பொருத்தப்படப்போகிறது என்பதை ஆர்டர் படிவத்திலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.